ஊதிப் பார்த்த வாய்

பழுது பார்த்த டிரம்பெட்டை ஊதிப் பார்க்காமல் நான் யாருக்கும் கொடுத்ததில்லை. ஊதியதும் வாய் வைக்கும் குமிழைக் கழட்டி, வெந்நீரில் கழுவிவிடுவேன். பேண்டில் வாசிக்கும் என் அக்கா புருஷனுடையதை மட்டும் சட்டையில் துடைத்துக் கொடுத்தேன். வேன் காத்திருக்கிறது என்று மாமா பறந்தார். நம்ம மாமாதானே என்று எனக்கும் அலட்சியம். அன்று என் உதட்டோரம் கொப்புளம் இருந்தது.

மாமாவும் நானும் எப்போதும் ஒரே கட்சி. அவர் சீட்டாடப் போனால், என் கடையில் இருப்பதாக அக்காவிடம் நான் சொல்வேன்.

சில நாளில் மாமாவின் உதட்டிலும் கொப்புளம். அது ஆறியதும் இரண்டு உள்ளங்கைகளிலும் வட்டத்துக்குள் வட்டமாகச் சிவப்புத் தடிப்புகள். மூன்று பேருமாகத் தோல் டாக்டரிடம் போனோம்.

"இது அபூர்வமாத்தான் வரும். கையில இருக்கறது யாருக்கும் ஒட்டாது, தானா ஆறிடும்" என்றார் டாக்டர். "உதட்டுல வந்த வைரஸ் இதைக் கிளப்பியிருக்கலாம். அந்த வைரஸ் பெரும்பாலும் வாயிலிருந்து வாய்க்குத் தொத்தறது."

அக்கா மாமாவின் பக்கம் திரும்பினாள். "எந்த வாயிலிருந்து?"

தேள் கொட்டிய திருடன் போல உட்கார்ந்திருந்தேன். உண்மை தெரிந்தால் எந்த வாத்தியக்காரன் என் கடைப் படி ஏறுவான்? என் பிழைப்பைத்தான் நினைத்தேன். வெட்கக்கேடு.

அதிலிருந்து அக்கா மாமாவிடம் பேசவில்லை. ஒருநாள் மாமா கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"உங்கக்கா பெட்டி கட்டறாடா. நான் எவளையும் ஏறெடுத்துப் பார்த்ததில்ல."

"தெரியும் மாமா."

"உனக்குத் தெரிஞ்சு என்னடா பிரயோஜனம்?"

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டக்கூட இல்லை. "போய் அவகிட்ட சொல்லு" என்றார்.

ஓடினேன். அக்கா பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அது என் வாய். கொப்புளத்தோட ஊதிட்டு, கழுவாமக் கொடுத்துட்டேன்."

அவள் கோபப்படவில்லை. என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டாள்.

"சீட்டாடப் போனவரை உன் கடையில இருக்கார்னு எத்தனை தடவை சொல்லியிருக்க?"

"அது வேற அக்கா. இது சத்தியம்."

"டாக்டர் சொன்னப்ப நீயும் அங்கதானே இருந்த. உண்மையா இருந்தா அப்பவே வாயத் தொறந்திருப்பியே."

அவள் பெட்டியை மூடப் பார்த்தாள். மூடி படியவில்லை.

"இந்தப் பக்கம் கொஞ்சம் அமுக்கு" என்றாள்.

அமுக்கினேன்.