ஸ்வீடன் கிண்ணமும் ஒரு ‘வேண்டாங்க’வும்

கருமத்தம்பட்டியில் ராசாத்தாளைப் பற்றி ஊரார் இரண்டு விஷயம் சொல்வார்கள். ஒன்று, அந்தம்மாவைப் போல மரியாதை தெரிந்த மனுசி சுற்றுவட்டாரத்தில் கிடையாது. இன்னொன்று, அந்தம்மாவுக்குச் சட்டிப் பைத்தியம். இரண்டும் உண்மைதான். ஐம்பத்திரண்டு வயதுவரை இரண்டும் ஒன்றுக்கொன்று தொந்தரவில்லாமல் அவளுக்குள் குடியிருந்தன. போன மாதம் சிங்காநல்லூரில் ஒரு வீட்டில் மோதிக்கொண்டன.

சட்டி என்றதும் குழம்புச் சட்டியை நினைத்துவிடாதீர்கள். ஸ்வீடன், டென்மார்க், பின்லாந்து என்று குளிரில் கிடக்கும் நாடுகளில், அறுபது எழுபது வருசத்துக்கு முன்னால் கைதேர்ந்தவர்கள் வனைந்து சூளையில் சுட்டு, அடியில் தங்கள் பெயரைக் கீறிவைத்த குடுவைகளும் கிண்ணங்களும். அவை எப்படிக் கோயம்புத்தூர் வந்தன என்று கேட்பீர்கள். மில்லுக்கு மிஷின் வாங்கப் போனவர்கள் கொண்டுவந்தார்கள். மிஷின் மாட்ட வந்தவர்கள் பரிசாகக் கொடுத்துவிட்டுப் போனார்கள். நீலகிரி எஸ்டேட் பங்களாக்களில் ஆள் மாறும்போது சாமானோடு சாமானாக மலையிறங்கின. வந்ததை நம் ஆட்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? சிகரெட் சாம்பல் தட்டினார்கள். நாய்க்குத் தண்ணீர் வைத்தார்கள். நினைத்தால் இப்போதும் எரிச்சலாக வருகிறது. ராசாத்தாள் அப்படிப்பட்டவற்றைத் தேடிப்பிடித்து, கழுவித் துடைத்து, மற்ற வீடுகளில் வெள்ளிச் சாமான் இருக்கும் கண்ணாடி அலமாரியில் அடுக்கிவைத்தாள்.

அவள் கணவர் பாலுசாமி தறிக்காரர். “ஊர்ல பொம்பளைங்க பவுனு சேக்கறாங்க, என்ற ஊட்டுல மண்ணு சேருது” என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவார். ஆனால் எங்கே பழைய சாமான் விற்கிறார்கள் என்று தகவல் வந்தாலும் காரை எடுத்துக்கொண்டு முதலில் கிளம்புகிறவரும் அவர்தான்.

தகவல் தருகிறவர் உக்கடத்தில் பழைய சாமான் கடை வைத்திருக்கும் அப்துல் வஹீது. போன மாதம் அவர்தான் போன் செய்தார். சிங்காநல்லூரில் ஒரு வீட்டைக் காலி செய்கிறார்கள், நான் பீரோவும் கட்டிலும் விலை பேசிவிட்டேன், பீங்கான் மாதிரி ஏதோ இருக்கிறது, போய்ப் பாருங்கள் என்றார். வீட்டுக்காரர் ஒரு மில் இன்ஜினியர். வேலை நிமித்தம் ஸ்வீடன் போனவர் அங்கேயே பல வருசம் தங்கிவிட்டு, கடைசிக் காலத்துக்கு ஊர் திரும்பி, இந்த வருசம் காலமாகிவிட்டார். அங்கேயே பிறந்து வளர்ந்த ஒரே மகள் நவ்யா வீட்டை விற்பதற்காக வந்திருந்தாள்.

ராசாத்தாள் உள்ளே போனதும் பிரிட்ஜுக்கு மேலே அதைப் பார்த்தாள். ஒரு சாணுக்கு நாலு விரல் கூடுதலான அகலம். குறுகின அடி, மேலே போகப் போக விரிந்த வாய். நீலமும் பழுப்பும் இழை இழையாக உள்ளே இறங்கி, நடுவில் தேங்கி நிற்கும் மெருகு. முயல் ரோமம் என்று அந்த மெருகுக்குப் பெயர். பத்து வருசமாகப் படத்தில் பார்த்து ஏங்கியதுதான். அதில் சாவிக்கொத்தும் ரப்பர் பேண்டும் பல்பு ஒன்றும் கிடந்தன.

அவள் அதை இறக்கி, சாமானை வெளியே எடுத்துவைத்துவிட்டு, கவிழ்த்துப் பார்த்தாள். அடியில் கையெழுத்து இருந்தது. நவ்யா பக்கத்தில் வந்து நின்றாள்.

“உங்களுக்கு இது என்னன்னு தெரியுமா ஆண்ட்டி?”

ராசாத்தாள் சொன்னாள். களிமண்ணில் தொடங்கி, சூளைச் சூடு, மெருகு வழிந்து நிற்கும் பக்குவம் என்று மூச்சுவிடாமல் சொன்னாள். நவ்யாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அப்பா வேலையில் சேர்ந்த வருசம் அவருடைய சிநேகிதர் கொடுத்ததாம். இங்கே யாரும் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லையாம்.

“இத நீங்களே வச்சுக்கோங்க ஆண்ட்டி,” என்றாள் நவ்யா. “காசெல்லாம் வேண்டாம். உங்ககிட்ட இருந்தா அப்பா சந்தோசப்படுவார்.”

அப்போது ராசாத்தாளின் வாய் அவளைக் கேட்காமலே திறந்துகொண்டது.

“அய்யோ, அதெல்லாம் வேண்டாங் கண்ணு. உங்கப்பாரு பொருளு. உன்றகிட்டயே இருக்கட்டும்.”

“ஓ, சரிங்க ஆண்ட்டி,” என்றாள் நவ்யா. கிண்ணத்தை வாங்கிப் பிரிட்ஜுக்கு மேலே வைத்தாள். சாவிக்கொத்தையும் உள்ளே போட்டாள்.

இந்த இடத்தில் எங்கள் பக்கத்து வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். எதைக் கொடுத்தாலும் முதல் தடவை வேண்டாம் என்று சொல்ல வேண்டும். காபியானாலும் சரி, கரும்புக் காடானாலும் சரி. இரண்டாம் தடவை கொடுக்கிறவர் வற்புறுத்துவார், அப்போதும் இருக்கட்டுங்க என்று சொல்ல வேண்டும். மூன்றாம் தடவை கையில் திணிப்பார்கள், அப்போது வேறு வழியில்லாதது போல முகத்தை வைத்துக்கொண்டு வாங்கிக்கொள்ளலாம். முதல் வார்த்தையிலேயே கையை நீட்டுகிறவளைக் காணாததைக் கண்டவள் என்று ஊர் பேசும். ஸ்வீடனிலோ ஒருவர் வேண்டாம் என்று சொன்னால் அவருக்கு வேண்டாம் என்றே அர்த்தமாம். என்ன ஊரோ!

காரில் ஏறியதும் ராசாத்தாள் விஷயத்தைச் சொன்னாள். பாலுசாமி சூலூர் தாண்டும்வரை சிரித்தார். மனைவியின் முகத்தைப் பார்த்தபிறகுதான் சிரிப்பை நிறுத்தினார்.

“போனப் போட்டு வேணும்னு சொல்லிப்போடு அம்மிணி.”

“வேண்டாம்னு சொன்ன வாயால எப்புடிங்க கேக்கறது? மானம் போயிருமுங்க.”

அதற்குப் பதிலாக அவள் நம் ஊர் வழியில் காரியத்தில் இறங்கினாள். மறுநாள் தோட்டத்து இளநீரும் வீட்டில் சுட்ட முறுக்கும் கொடுத்தனுப்பினாள். நவ்யா நன்றி சொல்லிப் போனில் ஒரு சிவப்பு இதயம் அனுப்பினாள். அதற்கு மறுநாள் ராசாத்தாளே போனில் பேசினாள். “அந்தக் கிண்ணம் பத்தரமா இருக்குதுங்களா கண்ணு?” இதற்குமேல் ஒரு மனுசி எப்படிக் கேட்பாள்? கோவை ஜில்லாவில் யாராக இருந்தாலும் அந்த நிமிசமே கிண்ணத்தோடு கிளம்பி வந்திருப்பார்கள்.

“பத்திரமா இருக்குங்க ஆண்ட்டி. நாளைக்குக் காலைல ஒருத்தர் வந்து எல்லா ஷோபீஸும் எடுத்துக்கறார். ஆனைமலைல ரிசார்ட் கட்டுறாராம்.”

அன்று ராசாத்தாளுக்குச் சோறு இறங்கவில்லை. தன்மேலேயே கோபம் கோபமாக வந்தது. வாழ்நாளெல்லாம் எத்தனை வேண்டாங்க சொல்லியிருப்பாள்! பிடித்த சேலை, பிடித்த ஊர், பந்தியில் பிடித்த பலகாரம், எல்லாவற்றுக்கும் முதலில் வேண்டாங்க. யாராவது மறுபடி கேட்டார்கள், அதனால் பிழைத்தாள். கேட்காமல் போனவற்றைப் பற்றி இதுவரை யோசித்ததில்லை.

மறுநாள் காலையில் சிங்காநல்லூர் வீட்டு வாசலில் வேன் நின்றிருந்தது. கூடத்தில் நவ்யாவும், ரிசார்ட் கட்டும் மிதுனும் இருந்தார்கள். மிதுன் பொள்ளாச்சிப் பையன், நல்ல பையன்தான். சோபாவில், துணைக்கு வந்து அங்கேயே தங்கியிருந்த நவ்யாவின் அத்தை முத்தாத்தாள் சட்டமாக உட்கார்ந்திருந்தார். முத்தாத்தாள் கருமத்தம்பட்டியில் பெண் கொடுத்தவர். இங்கே நடப்பது, அவள் வீடு போய்ச் சேரும் முன்னால் ஊர் போய்ச் சேர்ந்துவிடும்.

கிண்ணம் மிதுன் கையில் இருந்தது.

“சூப்பரா இருக்குதுங்க,” என்று அவன் கிண்ணத்தைக் கவிழ்த்து அடியைத் தட்டினான். “இங்க ஒரு ஓட்டையப் போட்டுப் பைப்ப மாட்டுனா, கை கழுவற பேசின் ரெடிங்க.”

அவன் விரல் வைத்திருந்தது கையெழுத்தின்மேல்.

“வாங்க ஆண்ட்டி,” என்றாள் நவ்யா. “நீங்க அன்னைக்கு வேண்டாம்னு சொல்லிட்டீங்க. இல்லன்னா உங்களுக்குத்தான் குடுத்திருப்பேன்.”

“அவிய என்ன கேக்கவா வந்திருக்கறாங்க?” என்றார் முத்தாத்தாள். “நெம்ப மரியாதக்காரங்க. ஊரவிட்டுப் போற புள்ளயப் பாத்துட்டுப் போலாம்னு வந்திருப்பாங்க. அப்புடித்தானுங்க?”

ஆமாங்க என்று சொல்வதற்கு வாய் பழக்கதோசத்தில் கிளம்பிவிட்டது. ராசாத்தாள் அதை இழுத்துப் பிடித்தாள்.

“இல்லீங்க. நான் கேக்கத்தான் வந்தேன். அந்தக் கிண்ணம் எனக்கு வேணும். அன்னைக்கு வேண்டாம்னு சொன்னது பொய்யி.”

முத்தாத்தாள் நிமிர்ந்து உட்கார்ந்தார். நவ்யா திகைத்துப் போனாள்.

“அப்புறம் ஏன் ஆண்ட்டி அப்படிச் சொன்னீங்க?”

“நீ இன்னொருக்கா கேப்பீன்னு இருந்தேன் கண்ணு. இங்க எல்லாருமே அப்புடித்தான்.”

நவ்யா மெதுவாக அத்தையின் பக்கம் திரும்பினாள். “அத்தை, நீங்க தினமும் டிபன் வேண்டாம்னு சொன்னீங்களே?”

முத்தாத்தாள் மேலே சுற்றிக்கொண்டிருந்த பேனைப் பார்த்தார். “பஸ் ஸ்டாண்டு ஓட்டல்ல தோசை நல்லாத்தான் இருக்குது,” என்றார்.

நவ்யாவின் முகம் விழுந்துவிட்டது. “சாரி ஆண்ட்டி. ஆனா இப்ப நான் மிதுன் சாருக்கு வாக்குக் குடுத்துட்டேன். அவர் சொன்னாத்தான் உண்டு.”

எல்லாரும் மிதுனைப் பார்த்தார்கள். பாவம், அவன் என்ன செய்வான்? பெரிய மனுசி ஒருத்தி வாய்விட்டுக் கேட்டுவிட்டாள். முத்தாத்தாள் பார்த்துக்கொண்டிருக்கிறார். பொள்ளாச்சியில் பெற்று வளர்த்த பிள்ளை இந்த நேரத்தில் சொல்லக்கூடியது ஒன்றுதான். அதை அவன் முகம் நிறையச் சிரிப்போடு, கிண்ணத்தை முன்னால் நீட்டி, அழகாகச் சொன்னான்.

“அதனால என்னங்க, நீங்களே வெச்சுக்குங்க. எனக்கென்னங்க, நான் வேற பாத்துக்கறேன்.”

அடுத்து என்ன நடக்க வேண்டும் என்று அவனுக்குத் தெரியும். அய்யோ வேண்டாங்க தம்பி, நீங்க ஆசையா எடுத்தது என்று அந்தம்மா சொல்வார்கள். அட பரவால்லீங்க என்று இவன் கொஞ்சம் சுருதி குறைத்துச் சொல்வான். இருக்கட்டுங்க என்று அவர்கள் சொல்ல, மரியாதைக்கு மரியாதையும் ஆச்சு, கிண்ணத்துக்குக் கிண்ணமும் ஆச்சு என்று வேனில் ஏற்றிவிடலாம். அவன் நினைப்பது முழுவதும் ராசாத்தாளுக்கும் தெரியும். ஐம்பத்திரண்டு வருசமாக அவள் ஆடிவந்த ஆட்டம்தானே!

அவள் இரண்டு கைகளையும் நீட்டினாள்.

“குடு கண்ணு,” என்றாள்.

மிதுனின் சிரிப்பு முகத்திலேயே நின்றுவிட்டது. கிண்ணம் மட்டும் கைமாறிவிட்டது. ராசாத்தாள் அதை முந்தானையால் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டாள். நவ்யா கைதட்டியே விட்டாள். முத்தாத்தாளின் வாய் திறந்தபடி இருந்தது. இன்று பொழுது சாய்வதற்குள் கருமத்தம்பட்டி முழுக்கப் பேசப் போகிறார்கள். பேசட்டுமே! கொஞ்சமும் கூச்சமாக இல்லை. கல்யாணத்தன்றுகூட அவளுக்கு இவ்வளவு சந்தோசம் வந்ததில்லை.

நவ்யாவின் கன்னத்தைத் தடவி, “நல்லா இரு கண்ணு, போனதும் போன் பண்ணு” என்று சொல்லிவிட்டு, எல்லோரையும் பார்த்துத் தலையசைத்துவிட்டு வெளியே வந்தாள். பாலுசாமி கார்க் கதவைத் திறந்துவிட்டார். மனைவியின் கையில் இருந்ததைப் பார்த்ததும் அவருக்கே முகம் மலர்ந்துவிட்டது.

“அட! எத்தன தடவ அம்மிணி வேண்டாம்னு சொன்னே?”

“ஒருக்காக்கூட சொல்லலீங்க,” என்றாள் ராசாத்தாள். “வண்டிய எடுங்க சீக்கிரம். அந்தத் தம்பிக்கு இப்பத்தான் வெவரம் புரிஞ்சிருக்கும்.”