கிணற்றுக்குள் ஓடிய மோட்டார்

என் அண்ணன் ஆண்டிச்சாமி கருப்பன் கோயிலில் சூடம் அணைத்துச் சத்தியம் செய்தபோது நான் பக்கத்தில்தான் நின்றேன். "தம்பி பாய்ச்சுற முறையன்னைக்கு நான் ஒரு சொட்டுத் தண்ணி எடுத்ததில்ல" என்று சொல்லி, எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அமுக்கினான். எங்கள் பக்கம் அதற்கு மேல் வழக்குக் கிடையாது. கூட்டம் கலைந்துவிட்டது. நான் நேராகத் தோட்டத்துக்குப் போய்க் கிணற்று மேட்டில் நின்றேன். உள்ளே மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.

கொட்டாம்பட்டிக்கு மேற்கே அவனுக்கு இரண்டு ஏக்கர், எனக்கு இரண்டு ஏக்கர். கிணறும் மோட்டாரும் பொது. ஒரு நாள் அவன் பாய்ச்ச வேண்டும், மறுநாள் நான். அப்பா செத்ததிலிருந்து அப்படித்தான். இந்தச் சித்திரை வறட்சியில் என் முறையன்று அரை மணி நேரத்திலேயே தண்ணீர் வற்றியது. கடலைச் செடி கருகத் தொடங்கியது. அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. 'ங்ங்ங்' என்று, அடி ஆழத்திலிருந்து. வீட்டில் டிவி ஓடும், நான்குவழிச் சாலையில் லாரி ஓடும், அதில் ஒன்றும் தெரியாது. ஆள் அரவம் இல்லாத தோட்டத்தில் நின்றால் பிடித்துக்கொள்ளும். அண்ணன் யாருக்கும் தெரியாமல் தண்ணீருக்கடியில் ஒரு சப்மெர்சிபிள் மோட்டாரை இறக்கிவிட்டான் என்று முடிவு கட்டினேன். என் இடத்தில் யார் இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள் என்று ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். பொய். நான்தான் அப்படி நினைப்பேன்.

மூக்கை யார் நினைத்தார்கள்? வருஷக்கணக்காக எனக்கு மூக்கடைப்பு. வாயால்தான் மூச்சு விடுவேன். "டாக்டர்ட்டக் காட்டுங்க" என்பாள் என் பெண்டாட்டி சுபலட்சுமி. "சளிக்கெல்லாம் ஒரு டாக்டரா?" என்று கத்துவேன். ஒரு நாள் அவளையும் கிணற்று மேட்டுக்கு இழுத்துப்போய், "கேக்குதா?" என்றேன்.

"எனக்கு ஒண்ணும் கேக்கலங்க."

"நீயும் அவங்கெகூடச் சேந்துட்டியா?" என்று கன்னத்தில் ஒன்று விட்டேன். என் குணம் அது. இனி மறைத்து என்ன ஆகப்போகிறது?

பொய்ச் சத்தியம் செய்தவன் வீடு விளங்காது என்பார்கள். சூடம் அணைத்த பிறகு எட்டு நாள் அண்ணன் வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு தலைவலிகூட வரவில்லை. அவன் மாடு கிடேரிக் கன்று போட்டது. மதினி ஊருக்கெல்லாம் சீம்பால் கொடுத்து, எங்கள் வீட்டுக்கும் ஒரு சொம்பு அனுப்பினாள். எடுத்துக் குப்பையில் கொட்டினேன். தெய்வம் நின்று கொல்லும் என்பார்கள். எனக்கு நிற்கப் பொறுமை இல்லை.

ஒன்பதாம் நாள் என் முறை. உச்சி வெயிலில் மண்வெட்டியோடு போனேன். மோட்டார் ரூம் நிழலில் அண்ணன் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தான். மதினி ஒச்சாயி பக்கத்தில் இருந்தாள். என் காது முழுக்க மோட்டார்ச் சத்தம்.

"மோட்டார நிப்பாட்டு."

"எந்த மோட்டாரடா?"

"என் தண்ணிய உறிஞ்சிட்டு, சாமியவும் ஏமாத்துறியா?"

"சூடம் அணைச்சேன்ல, மலைச்சாமி. அதுக்கு மேல நான் என்னடா செய்ய?" என்று சொல்லிவிட்டு மறுபடி கஞ்சியில் கை வைத்தான்.

அந்த அமைதிதான் என்னைக் கிளப்பிவிட்டது. முதல் அடி தோளில் விழுந்தது. தூக்குவாளி உருண்டது. கையை ஊன்றி எழப் பார்த்தான். இரண்டாவது அடி காதுக்கு மேலே விழுந்தது. மண்டை உடைந்தது மண்வெட்டிக் காம்பு வழியாக என் கைக்குத் தெரிந்தது. மூன்றாவது அடி தேவையே இல்லை. அதையும் அடித்தேன். மதினி பாய்ந்து என் கையைக் கடித்தாள். வயிற்றில் உதைத்துத் தள்ளினேன். மண்ணில் கிடந்தபடியே கத்தினாள்.

"கரண்டே இல்லடா பாவி! மாசாமாசம் ரிப்பேருக்கு நிப்பாட்டுறதுன்னு காலையிலயே நிப்பாட்டிட்டாங்கெடா! எந்த மோட்டாருடா ஓடும்?"

ரூமுக்குள் ஓடினேன். ஸ்டார்ட்டர் பெட்டியில் மூன்று லைட்டும் அணைந்து கிடந்தன. பச்சைப் பொத்தானை அழுத்தினேன், ஒன்றும் நடக்கவில்லை. ஃப்யூஸ் மூன்றையும் பிடுங்கி எறிந்தேன். சத்தம் நிற்கவில்லை. கிணற்றை எட்டிப் பார்த்தேன். தண்ணீர் அசையாமல் கிடந்தது. இரண்டு காதையும் பொத்திக்கொண்டேன். இன்னும் பலமாக ஓடியது. என் தலைக்குள்தான் ஓடுகிறது என்று அப்போதுதான் தெரிந்தது. அண்ணனைத் திரும்பிப் பார்க்கப் பயமாக இருந்தது.

ஆம்புலன்ஸ் மேலூரைத் தாண்டுவதற்குள் அவன் உயிர் போய்விட்டது. போலீஸ் வரும்வரை நான் கிணற்று மேட்டிலேயே உட்கார்ந்திருந்தேன்.

ஜெயிலில் ஒரு டாக்டர் என் மூக்கில் லைட் அடித்துப் பார்த்தார். "உள்ள சதை வளந்து அடைச்சிருக்கு. மூக்குல இருந்து காதுக்கு ஒரு குழாய் போகுது. அதுவும் அடைச்சுக்கிட்டா சில பேருக்குக் காது இப்படி இரையும்" என்றார். மாத்திரை கொடுத்தார், மூக்கில் அடிக்க ஒரு மருந்தும் கொடுத்தார்.

என்னைப் பார்க்க யாரும் வரவில்லை, சுபலட்சுமிகூட. இரண்டு மாதம் கழித்து மதினி வந்தாள். வெறும் நெற்றியோடு கம்பி வலைக்கு அந்தப் பக்கம் நின்றாள். நல்லா இருக்கியா என்று கேட்கவில்லை, திட்டவுமில்லை.

"இப்பவும் ஓடுதாடா?"

"இல்ல மதினி. காதுதான் இரைஞ்சிருக்கு, மூக்குலதான் கோளாறாம். மருந்து குடுத்தாங்க, நின்னுருச்சு."

"எம்புட்டு நாள்ல?"

பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. "பத்து நாள்ல" என்றேன்.

வலையைப் பிடித்துக்கொண்டாள்.

"காதுக்குள்ள இரையுதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, ஒங்கண்ணனே ஒன்னைய வண்டியில வச்சு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருப்பாரேடா."

கூட்டிக்கொண்டுதான் போயிருப்பான். அது எனக்குத் தெரியும்.