அவர்கள் வீட்டுப் பொருள்

1

இந்தக் கதை ஒரு கல்யாணப் பந்தியில் தொடங்கியது. நான் அங்கே இல்லை. எங்கள் லாட்ஜ் வேனை ஓட்டும் தங்கசாமி இருந்தான். செங்கோட்டையிலிருந்து திரும்பியதும் நேரே என்னிடம் வந்தான்.

"முதலாளி, சொல்லுதேன்னு கோவிச்சுக்கப்படாது. பொண்ணைக் கூட்டிட்டுப் போய்ட்டாங்க, எங்க பையன் போட்டுக் குடுத்த புரோகிராமை மட்டும் வச்சுக்கிட்டு லாட்ஜ் நடத்துதாங்கன்னு சிரிக்காங்க."

"யாரு சிரிச்சா?"

"பந்தியே சிரிச்சுது."

நான் அப்துல் ஜப்பார். தென்காசியில் வீடு, குற்றாலத்தில், ஐந்தருவி போகும் வழியில் லாட்ஜ். என் மகள் ஹம்னாவுக்கும் செங்கோட்டைப் பையன் ஒருவனுக்கும் நடந்த நிக்காஹ் சென்ற ஆண்டு ஜமாஅத்தில் வைத்து மரியாதையாக முறிந்தது. உறவு முடிந்தால் அந்த வீட்டுப் பொருள் ஒன்றுகூட எங்கள் கூரைக்குள் தங்காது. அது எங்கள் குடும்ப வழக்கம். அவர்கள் தந்த டிபன் கேரியரைப் புளி போட்டுத் தேய்த்து அனுப்பினோம். லாட்ஜ் கணினிக்குள் அந்தப் பையன் எழுதிக் கொடுத்த புரோகிராம் ஒன்று தங்கிவிட்டது. கணினிக்குள் இருப்பதும் பொருள்தான் என்று பந்தி சிரித்த பிறகே எனக்குத் தோன்றியது.

பந்தியில் சிரித்தவர்களுக்குப் பதில் சொல்லவே இதை எழுதுகிறேன். (இல்லை. பதில் சொல்ல ஓர் ஆளை அனுப்பினால் போதும். உண்மையான காரணத்தைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன்.)

2

முதல் தொடக்கம்: "சாரல் விழத் தொடங்கிய காலையில்—" குற்றாலத்தைப் பற்றி எழுதுகிற எல்லாரும் இப்படித்தான் தொடங்குகிறார்கள். அடித்துவிட்டேன்.

இரண்டாவது: "அந்தப் பையன் எங்கள் வரவேற்பு மேசையில் முதன்முதலாக உட்கார்ந்தபோது—" அவனை உட்காரவைக்க எனக்கு விருப்பமில்லை.

ஆகவே நடந்ததை அப்படியே எழுதுகிறேன். மறுநாள் காலை லாட்ஜுக்குப் போனேன். அறை பதிவது, சாவி கொடுப்பது, பில் அடிப்பது எல்லாம் ஹம்னா பொறுப்பு.

"அவன் போட்டதை எடுத்துரு. பென்டிரைவுல வச்சுத் தா. தங்கசாமி கொண்டுபோய்க் குடுத்துட்டு வரட்டும்."

"வாப்பா, இது என்ன டிபன் கேரியரா, தேச்சுக் கழுவிக் குடுத்தனுப்ப?"

"அவங்க வீட்டுப் பொருள் இங்கன இருக்கப்படாது."

அவள் கணினியில் ஒரு கறுப்புத் திரையைத் திறந்தாள். அதில் படமில்லை, பொத்தானில்லை. செய்ய வேண்டியதை எழுத்தாகத் தட்ட வேண்டும். ஒரு மென்பொருளை ஏற்ற ஒரு வரி, நீக்க ஒரு வரி.*

* இந்த முறை எனக்குப் பிடித்திருந்தது. எங்கள் வீட்டிலும் ஆணை ஒரே வரிதான்.

நீக்கச் சொல்லும் வரியைத் தட்டினாள். கணினி உடனே நீக்கவில்லை. இதை எடுத்தால் இவையும் போகும் என்று பெயர்களைக் காட்டியது. 'அடித்தளம்' என்பது அவன் எழுதியது. பட்டியலில் அதற்கு அடுத்ததாக 'சாரல்' என்று இருந்தது.

"சாரல் யாரு எழுதுனது?"

"நான்தான். ரூம், சாவி, பில்லு எல்லாம் அதுதான் பாக்குது. அவரு போட்டதுக்கு மேல கட்டியிருக்கேன் வாப்பா. அடியில உள்ளதை உருவுனா மேல உள்ளது நிக்காது."

"வேற அடி போடு."

"போடலாம். சீசன் முடியணும். இப்ப எடுத்தா இந்த மேசையில எனக்கு என்ன வேலை? திரும்பி வந்தவ சும்மா உக்காந்திருக்கான்னு சொல்லுவாங்க. அதுக்கும் பந்தியில சிரிப்பாங்கல்லா?"

3

இங்கே வாசகரிடம் ஒன்று சொல்ல வேண்டும். கதையில் அவன் பெயர் வரக்கூடாது என்று வைத்திருந்தேன். ஒரு வரைவில் ஆளையே எடுத்துப் பார்த்தேன். அவனோடு பந்தியும் போயிற்று. தங்கசாமி வந்து நின்றான். சொல்ல அவனிடம் ஒன்றுமில்லை. அதுவரை பரவாயில்லை. பிறகு இந்த வரியும் கதையிலிருந்து விழுந்தது:

'சாரல் முதல் பில்லை அடித்துத் தள்ளியபோது ஹம்னா மேசையைத் தட்டிச் சிரித்தாள். பெட்டியோடு காத்திருந்த முன்பின் தெரியாதவர்களும் சேர்ந்து சிரித்தார்கள்.'

அந்த வரியில் அவன் இல்லை. ஆனால் அச்சு இயந்திரத்தின் அருகே நின்று, வெளியே வந்த காகிதத்தை அவள் கையில் கொடுத்தவன் அவன். [அந்த இடத்தில் தங்கசாமியை நிறுத்தலாமா? அவன் அன்று வேனோடு—] இல்லை. பொய்யாக எழுதுவதும் எங்கள் குடும்பத்தில் இல்லை.

வரியைத் திரும்ப வைத்தேன். அவன் பெயர் அஹ்சன்.

4

தொடரலாமா என்று கேட்டுத் திரை நின்றது. ஹம்னா நாற்காலியை விட்டு எழுந்தாள்.

"நீங்களே அழுத்துங்க வாப்பா. ஒண்ணும் தட்டாம என்டரை அழுத்துனாலே போதும். ஆமான்னு எடுத்துக்கிடும்."

"வேண்டாம்னா?"

"அதுக்கு எழுத்தைத் தட்டணும்."

"ஒண்ணுமே செய்யலன்னா?"

"அப்படியே நிக்கும். அதுவரை வேற எதையும் ஏத்தவும் விடாது, எறக்கவும் விடாது."

சிவகிரியிலிருந்து வந்த குடும்பத்துக்கு அறை காட்ட அவள் மாடிக்குப் போனாள். நான் அவள் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

ஒரு முடிவு: அழுத்தினேன். செங்கோட்டையில் சிரிப்பு நின்றது. ஹம்னா கீழே வந்து, திரையைப் பார்த்துவிட்டு, என்னைப் பார்க்காமல்—

இன்னொன்று: வேண்டாம் என்று தட்டினேன். (எழுதிப் படித்தேன். யாரோ எழுதியது போல இருக்கிறது.)

மற்றொன்று: அஹ்சனே நேரில் வந்து— வரமாட்டான். வந்தாலும் நான் உட்காரச் சொல்லமாட்டேன்.

லாட்ஜைப் பெருக்கித் துடைக்கும் ஆவுடைத்தாய் ஈரத்துணியோடு வந்தாள். மேசையைத் துடைத்துக்கொண்டே கீபோர்டுப் பக்கம் கையைக் கொண்டுபோனாள்.

"ஆவுடத்தாயி, அதுல கை வைக்காத!"

துணியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். "தூசில்லா மொதலாளி இருக்கு?"

"இருந்துட்டுப் போட்டும்."

5

காரணத்தைக் கடைசியில் சொல்வதாக எழுதியிருந்தேன். சொன்ன சொல்லை மாற்றிக்கொள்கிறவன் இல்லை நான். எடு என்று சொன்னது சொன்னதுதான். ஆகவே வேண்டாம் என்று தட்ட முடியாது; என்டரையும் அழுத்தவில்லை. திரை நிற்கிறது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

முடிவை உங்களிடம் விடுகிறேன். ஆம் என்று முடிக்க நினைக்கிறவர்கள் முதலில் மூன்றாம் பகுதிக்குப் போங்கள். ஹம்னா சிரிக்கிற வரியை உங்கள் கையால் கோடு போட்டு அடியுங்கள். அடித்துவிட்டு வந்து அழுத்துங்கள்.

நான் மேசையருகில்தான் இருக்கிறேன்.