தங்கமீனுக்கு ஓர் ஊசித்துளைக் கப்

எங்கள் விடுதியில் படிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டுப் போகிறவர்கள், சொல்லி முடிக்காத பேச்சை வரவேற்பறை மீன்தொட்டியில் விட்டுவிட்டுப் போவார்கள். ஆளுக்கு ஒரு மீன். ஒரு புழு தின்றால் ஒரு சொல் பேசும். நடுவில் பட்டினி கிடந்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

என் அறைத்தோழி பெனிட்டா போய் மூன்று வாரம் ஆகிறது. கல்யாணம் பேசிவிட்டார்களாம். முதுகலை முடிய ஒரே பருவம்தான் பாக்கி. போகாதே, முடியாது என்று வீட்டில் சொல் என்று இரண்டு நாள் வாதாடினேன். "நீ சொல்றது தப்புடி, ஏன்னா" என்றாள். அதற்குள் அவள் அண்ணன் வந்து பெட்டியைத் தூக்கி வாசலில் நின்ற பேருந்தில் ஏற்றிவிட்டார். காரணம் சொல்லாமல் என்னைத் தப்பு என்று சொல்லிவிட்டு ஒருத்தி எப்படிப் போகலாம்? அந்த 'ஏன்னா'வுக்கு அடுத்து என்ன என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

அவளுடையது குண்டுத் தங்கமீன். புழுவைப் பார்க்கும், யோசிக்கும், வாயைத் திறக்கும். அதற்குள் மற்ற மீன்கள் தின்று முடித்திருக்கும். "என் பக்கெட்டை யாரும் எடுக்காதீங்க" என்று ஒரு கறுப்பு மோலி மீன் ஐந்து வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

வார்டனிடம் மனு கொடுத்தேன். "முந்துறவங்களுக்குத்தாம்மா சாப்பாடு. நம்ம மெஸ் எப்படி நடக்குது?" என்றார். இது நியாயமே இல்லை என்று நாற்பது நிமிடம் பேசினேன். அவர் பொறுமையாக இரண்டு தோசை சாப்பிட்டார்.

நானே செய்வதென்று முடிவெடுத்தேன். தயிர்க் கப் ஒன்றின் அடியில் காம்பஸ் முள்ளால் துளைகள் போட்டு, விளிம்பில் தெர்மோகோல் ஒட்டி, உயிர்ப்புழுக்களை நிரப்பி மிதக்கவிட்டேன். துளைகள் பெரிதாகிவிட்டன. புழுக்கள் கொத்தாக இறங்கின. தொட்டி முழுக்கப் பக்கெட், சார்ஜர், செருப்பு என்று ஒரே இரைச்சல்.

"உன் நியாயத்துக்கு ஒரு மூடி போடேன்டி" என்றாள் பக்கத்து அறைக்காரி.

அடுத்த கப்பில் தையல் ஊசியால் ஒரே ஒரு துளை. ஒரு புழு நெளிந்து வெளியே வரப் பத்து நிமிடம். மற்ற மீன்கள் சலித்துப்போய்க் கற்களுக்குள் போய்விட்டன. தங்கமீன் மட்டும் துளைக்கு நேர்கீழே நின்றது. நானும் நின்றேன். இரண்டு வகுப்புகள் போயின.

"நீ" என்றது. பிறகு "சொல்றது."

"தப்புடி" வந்ததும் மறுக்க வாயைத் திறந்தேன். அடுத்த புழு பாதி தொங்கிக்கொண்டிருந்ததால் மூடிக்கொண்டேன்.

"ஏன்னா."

"சரின்னு."

"ஒத்துக்கிட்டா."

"உன்னை."

"விட்டுட்டு."

"போகவே."

"முடியாதுடி."

என்னிடம் எதிர்வாதம் மூன்று இருந்தன. கப்பைத் தண்ணீரிலிருந்து எடுத்துவிட்டேன்.

வாசலில் ஹாரன் கேட்டது. வெளியே போனேன். அவள் ஏறிய பேருந்து இன்னும் கிளம்பியிருக்கவில்லை; மூன்று வாரமாக நின்றதில் அதன் சக்கரங்களைச் சுற்றிப் புல் முளைத்திருந்தது. ஓட்டுநர் அதைப் பிடுங்கிப் போட்டுவிட்டு ஏறி உட்கார்ந்தார். சன்னலோரம் பெனிட்டா மடியில் கைப்பையோடு இருந்தாள். அவள் தோளில் சாய்ந்து அண்ணன் தூங்கிக்கொண்டிருந்தார்.

"முடிஞ்சிருச்சாம்மா?" என்றார் ஓட்டுநர்.

"முடிஞ்சிருச்சுண்ணே."

நான் பாதையின் நடுவில் நின்றிருந்தேன். ஓரமாக நகர்ந்து வழிவிட்டேன்.