அட்டைக் காசோலை

விதவையாக நிற்பதற்கு டிரைவர் மனைவியைத் தேர்ந்தெடுத்ததற்கு முதல் காரணம், அவள் முகம் போட்டோவில் நன்றாக விழும் என்பது. இரண்டாவது காரணம், அவள் புருஷன் உயிரோடு இருந்தான் என்பது. புருஷன் வேலையில் இருக்கிறவரைக்கும் ஒருத்தி அதிகம் கேள்வி கேட்க மாட்டாள் அல்லவா?

படைவீரர் ஆயுள் காப்பீட்டுப் பிரிவு ஒவ்வொரு முகாமிலும் வருஷத்துக்கு ஒரு விழா எடுக்கும். உயிர்விட்ட வீரரின் மனைவிக்குத் தளபதி தன் கையால் காசோலை கொடுப்பதுதான் அதில் முக்கியமான காட்சி. இந்த வருஷம் பணம் வாங்கிய பெண்கள் எல்லாரும் தூரத்து ஊர்களில் இருந்தார்கள். அவர்களை வரவழைக்கப் பயணப்படி அனுமதி ஆகவில்லை. மேடைக்கும் பந்தலுக்கும் பூச்செண்டுக்கும் அனுமதி ஆகிவிட்டது. எல்லாம் தயார், விதவை மட்டும் பாக்கி.

காப்பீட்டுப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்த அதிகாரியைக் குடியிருப்பில் யாரும் பெயர் சொல்வதில்லை. ‘நன்றி மேஜர்’ என்றால்தான் தெரியும். எந்த மனுவைத் தள்ளினாலும் கடைசியில் நன்றி சொல்லாமல் விடமாட்டார். அப்படி ஒரு மரியாதை.

“என்ன சார் இது, எங்க வீட்டுக்காரர் குத்துக்கல்லாட்டம் இருக்காரே!” என்றாள் டிரைவர் மனைவி.

“நீங்க விதவை இல்லைம்மா. பயனாளிகளோட பிரதிநிதி. வெறும் போட்டோவுக்குத்தான்.” மேஜர் ஜன்னல் வழியாக, ஜீப்பைத் துடைத்துக்கொண்டிருந்த டிரைவரைப் பார்த்தார். “பனிமலை முகாமுக்கு ஒரு டிரைவர் கேட்டிருக்காங்க. யாரை அனுப்பறதுன்னு இன்னும் முடிவு பண்ணலை. நன்றி.”

அவள் நேரே வீட்டுக்கு வந்து புருஷனிடம் சொன்னாள். அவன் காபி டம்ளரைக் கீழே வைக்காமலே யோசித்தான்.

“போட்டோதானே, போய் நின்னுட்டு வந்துடு. அந்த மலைக்குப் போனா எனக்கு மூச்சு நின்னுடும். அப்புறம் நீ நடிக்கவே வேண்டாம்.”

“இப்படிப் பேசறதுக்கு உங்களுக்கு வாய் எப்படி வருது?” என்று அவள் கத்தினாள். ஆனால் மறுநாள் சரி என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

அவளை உறுத்தியது வேறு. நிஜமான விதவை ஒருத்தி சுவருக்கு அந்தப் பக்கமே இருந்தாள். வயர்லெஸ்காரரின் மனைவி, வயர்லெஸ் அக்கா. அவளுக்குப் பணம் வந்தபாடில்லை. கோப்பு ‘பரிசீலனையில்’ இருந்தது. பரிசீலனையில் இருப்பவளை மேடையேற்ற முடியாது, விதிமுறை இடம் கொடுக்காது. வீட்டை மட்டும் மாசக் கடைசிக்குள் காலி பண்ணச் சொல்லியிருந்தார்கள். அதற்கு விதிமுறை தாராளமாக இடம் கொடுத்தது. இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு அக்கா எங்கே போவாள் என்பதற்கு மட்டும் எந்த விதியும் இல்லை.

வயர்லெஸ்காரர் போரில் சாகவில்லை. பெட்டியைக் கட்டி, விடுப்புச் சீட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பிய மனுஷனை, அதிகாரிகள் மெஸ்ஸிலிருந்து கூப்பிட்டார்கள். டி.வி.யில் படம் ஆடுகிறது, மேட்ச் ஆரம்பிக்கப் போகிறது, ஆண்டெனாவைக் கொஞ்சம் பார்த்துவிட்டுப் போ என்றார்கள். அவர் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கம்பத்தில் ஏறினார். இறங்கும்போது கால் வழுக்கியது.

கோப்பில் வேறு மாதிரி இருந்தது. ‘விடுப்பில் இருந்தவர், தம் சொந்த விருப்பத்தின் பேரில் உயரமான இடத்தில் ஏறியுள்ளார்.’ ஏறச் சொன்னது யார் என்று அக்கா கேட்டதற்கு, அப்படி உத்தரவு எதுவும் பதிவாகவில்லை என்று பதில் வந்தது. வாய் வார்த்தைக்கு நகல் எடுக்கும் மெஷின் இன்னும் வரவில்லை. மெஸ்ஸில் டி.வி. இருந்ததாகவே மேஜருக்கு நினைவில்லை. நன்றி.

விழா நாளன்று நாற்காலிகள் காலியாகத் தெரியக்கூடாது என்று எல்லாக் குடும்பங்களையும் வரச் சொல்லியிருந்தார்கள். அக்காவும் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். டிரைவர் மனைவி சாயம்போன சேலையும் வெறும் கழுத்துமாக மேடையில் நின்றாள். போட்டோக்காரன் கீழேயிருந்து ஓயாமல் தொல்லை கொடுத்தான்.

“சோகம் போதும்மா. கொஞ்சம் நன்றியும் கலந்துக்கங்க. ஐயோ, அவ்வளவு நன்றி வேணாம், சந்தோஷம் மாதிரி ஆயிடுது!”

‘தாய்நாட்டுக்காக இன்னுயிர் நீத்த மாவீரர்’ என்று ஒலிபெருக்கியில் வாசித்தார்கள். ஜீப் பக்கத்தில் நின்ற டிரைவர், பழக்க தோஷத்தில் விறைப்பாக ஒரு சல்யூட் வைத்தான். தன் சாவுக்குத் தானே மரியாதை செலுத்திவிட்டோம் என்பது அவனுக்குப் பிறகுதான் உறைத்தது.

காசோலை வந்தது. கதவு அகலத்துக்குக் கெட்டி அட்டை, பளபளப்பு மேல்தாள், ஒன்றுக்குப் பின்னால் ரயில் பெட்டிபோல் சுழியங்கள். பெயர் எழுதும் இடத்தில் மட்டும் ஒட்டிப் பிரிக்கிற தாள். இந்தப் பிரிவுக்கு இருந்ததே இந்த ஒரு அட்டைதான். ஊர் ஊராகப் போய் எத்தனையோ குடும்பங்களின் கண்ணீரைத் துடைத்துவிட்டு, மறுபடியும் ஜீப்பின் பின்சீட்டில் ஏறி அலுவலகத்துக்குத் திரும்பிவிடும்.

தளபதி வயதானவர், நல்ல மனசுக்காரர். கொடுத்தோம் போனோம் என்று இல்லாமல், எழுதிக் கொடுக்காத ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டார்.

“இந்தப் பணத்தை என்னம்மா செய்யப்போறே?”

டிரைவர் மனைவிக்கு மனப்பாடம் பண்ணிவைத்த வரி மறந்துபோயிற்று. எதிரே கடைசி வரிசையில் அக்கா கைதட்டிக்கொண்டிருந்தாள். தட்டச் சொன்னதால் தட்டினாள். அதைப் பார்த்ததும் இவளுக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ.

“எனக்கு வேண்டாம் ஐயா. பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கொடுத்துடறேன். அவங்க வீட்டுக்காரரும் போயிட்டாரு. அவங்களுக்கு இன்னும் எதுவும் வரலை.”

கைதட்டல் பந்தல் கூரையைப் பிய்த்துக்கொண்டு போயிற்று. தளபதி கண் கலங்கி, அக்காவை மேடைக்கு வரவழைத்து, அட்டையைத் தன் கையாலேயே அவளிடம் கொடுத்தார். “இது உங்ககிட்டேயே இருக்கட்டும்மா” என்றார். பத்திரிகைக்காரர்கள் படம் படமாகச் சுட்டுத் தள்ளினார்கள். நன்றி மேஜரின் முகத்தில் நன்றி மருந்துக்கும் இல்லை.

மறுநாள் காலையில் அவர் அக்கா வீட்டு வாசலில் நின்றார். ஜீப்பில் டிரைவர் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தான். அவன் மனைவி ராத்திரி முழுக்கப் பனிமலைக்கு எத்தனை ஸ்வெட்டர் பின்ன வேண்டியிருக்கும் என்று கணக்குப் போட்டுக் கண் சிவந்துபோய், அக்காவோடு நின்றாள்.

“அம்மா, அது நிஜ செக் இல்லை. பேங்க்ல செல்லாது.”

“தெரியும் சார். செல்லற மாதிரி ஒண்ணு கொண்டு வாங்க, இதை எடுத்துட்டுப் போங்க.”

“அது அரசாங்க சொத்தும்மா!”

“தளபதி ஐயா என்கிட்டயே இருக்கட்டும்னாரு. வேணாம்னு அவரு ஒரு வரி எழுதிக் கொடுத்தா இப்பவே தந்துடறேன்.”

மேஜர் தொப்பியைக் கழற்றி வியர்வையைத் துடைத்தார். தளபதியிடம் போய் எதை எழுதித் தரச் சொல்வது? போலீசிடம் போனால், தளபதி தன் கையால் கொடுத்ததை ஒரு விதவை திருடிவிட்டாள் என்றல்லவா எழுத வேண்டும்? அடுத்த வாரம் பக்கத்து ஊரில் இன்னொரு விழா, அமைச்சரே வருகிறார். புது அட்டை செய்யலாம் என்றால் மூன்று கடைகளில் விலைப்புள்ளி வாங்கி, கொள்முதல் குழு கூட வேண்டும். குழுவில் ஒருவர் நீண்ட விடுப்பில் இருந்தார். அவரும் தம் சொந்த விருப்பத்தின் பேரில்தான்.

அக்கா இன்னொன்றும் செய்தாள். அவள் வீட்டுத் தெருப்பக்கத்து ஜன்னலில் கண்ணாடி உடைந்து வெகுநாளாயிற்று. அதற்குக் கொடுத்த மனுவுக்கும் நன்றி வந்திருந்தது. அட்டையை அந்த ஜன்னலில் வைத்தாள். அளவெடுத்ததுபோல் பொருந்தியது. தெருவில் போகிறவர்கள் எல்லாரும் நின்று சுழியங்களை எண்ணிவிட்டுப் போனார்கள்.

அதோடு மழைக்காலம் வேறு. வானம் கறுக்கும்போதெல்லாம் மேஜர் அலுவலக வராந்தாவுக்கு ஓடி வந்து அண்ணாந்து பார்த்தார். ஒருநாள் தூறல் விழுந்தபோது டிரைவரிடம் தார்ப்பாயைக் கொடுத்து, “ஓடு, ஓடு, அந்த ஜன்னலை மூடு!” என்று அனுப்பினார். டிரைவர் நனைந்துகொண்டே தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவன் மனைவி உள்ளே நின்று அவனைப் பார்த்துச் சிரித்தாள். விழாவுக்குப் பிறகு அவள் சிரித்தது அப்போதுதான்.

“வாழ்க்கையில முதல் தடவையா நம்ம தெரு ஜன்னலைப் பத்தி ஒரு ஆபீசர் கவலைப்படறாரு” என்றாள் அக்கா.

கொள்முதல் குழு கூட்டுவதைவிட ஒரு கோப்பில் கையெழுத்துப் போடுவது சுலபம் என்பது கடைசியில் மேஜருக்குப் புரிந்தது. ஒரு வருஷமாகப் படுத்த படுக்கையாகக் கிடந்த கோப்பு எழுந்து நடந்தது. ‘மேற்படி வீரர் ஏறிய கம்பம் தகவல் தொடர்புக் கருவி ஆகும். எனவே அவர் கடமையில் இருந்ததாகவே கருத வேண்டும்’ என்று புதுக் குறிப்பு எழுதப்பட்டது. அதே கம்பம், அதே வழுக்கல்தான்.

அமைச்சர் விழாவுக்கு முந்தின நாள் மேஜர் வந்தார். நிஜக் காசோலை உள்ளங்கை அகலம்கூட இல்லை. அக்கா பெயரைப் படித்தாள், தொகையைப் படித்தாள், கூட இருந்த கடிதத்தில் ‘கடமையின்போது’ என்ற வார்த்தையில் விரலை வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். டிரைவர் மனைவி அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். பணம் வந்துவிட்டது, பிள்ளைகள் தெருவில் நிற்க மாட்டார்கள்.

மேஜர் ஜன்னலிலிருந்து அட்டையைத் தானே கழற்றினார். கைக்குட்டையால் ஓரத்து ஈரத்தை ஒற்றி எடுத்தார். அவ்வளவு பதமாக அவர் எதையும் தொட்டு அந்தக் குடியிருப்பில் யாரும் பார்த்ததில்லை.

“சார், ஒண்ணே ஒண்ணு கேக்கணும்” என்றாள் அக்கா.

“கேளுங்கம்மா.”

“அன்னிக்கு, அவரு சரி பண்ணதுக்கு அப்புறம், படம் தெளிவா வந்துதா?”

கையில் அட்டை கிடைத்துவிட்ட நிம்மதியில் மேஜர் யோசிக்கவே இல்லை. “ரொம்பத் தெளிவாம்மா! கடைசி பந்து வரைக்கும் ஒரு புள்ளிகூட ஆடலை.”

ஜீப்பில் இருந்த டிரைவர் எஞ்சினை அணைத்தான். மேஜர் அட்டையைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு படியிறங்கினார்.

அக்கா தலையை ஆட்டினாள். “அவரு வேலைன்னா அப்படித்தான் இருக்கும்” என்று டிரைவர் மனைவியிடம் சொன்னாள். பிறகு உள்ளே போய், கண்ணாடி இல்லாத ஜன்னலுக்கு ஒரு பழைய போர்வையைக் கட்டத் தொடங்கினாள்.