கெட்டிலில் படிந்த வெள்ளை

திருமானூர் பேருந்து நிறுத்தத்தில் நானும் என் கணவர் செல்லமுத்துவும் தேநீர்க் கடை நடத்துகிறோம். கொள்ளிட ஆற்று மணலில் ஊறி, குழாய் வழியே வரும் நீரையே பயன்படுத்துகிறோம். எதிர்க்கடையில் ‘கேன் தண்ணீர் டீ’ என்று பலகை தொங்கியது முதல் எங்கள் பெஞ்சுகள் காலியாயின. சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டும் லப்பைக்குடிக்காட்டு அன்சார்தான் காரணத்தைச் சொன்னார்.

“அக்கா, ஒங்க கெட்டிலுக்குள்ள வெள்ளையா படிஞ்சிருக்கு. வயித்துல கல்லு வந்துருமேன்னு பயப்படுறாங்க.”

அறிவியலில் ஐயம் என்பது சோதனையால் தீர்க்கப்பட வேண்டியதாகும். ஆற்று நீர், கேன் நீர், அன்சார் அரியலூர் லாரி ஷெட்டிலிருந்து கொண்டுவந்த போர்வெல் நீர் ஆகியவற்றை ஒரே அளவில் மூன்று தட்டுகளில் ஊற்றி, வற்றும்வரை காய்ச்சினேன். கேன் நீர் எதையும் விட்டுச்செல்லவில்லை. ஆற்று நீர் மெல்லிய வெண்படலத்தை விட்டது. போர்வெல் நீரோ தட்டையே வெள்ளையடித்துவிட்டது. படலங்களின் மேல் எலுமிச்சைச் சாறு பிழிந்தேன். சிறு குமிழிகள் எழுந்தன.

அன்சார் குனிந்து பார்த்தார். “யா அல்லா! சொரங்கத்துல சார்ங்க கல்லு மேல ஆசிட் ஊத்துனா இப்புடித்தான் பொங்கும். அப்ப நான் ஏத்துற லோடைத்தான் டீயில குடிக்கிறனா?”

வேடிக்கை பார்க்கச் சுற்றி நின்றவர்கள் பின்வாங்கினர்.

“வெத்தலையில சுண்ணாம்ப தடவி மெல்லுறப்ப மட்டும் இனிக்குதோ?” என்றார் செல்லமுத்து.

சிரிப்பு எழுந்தது. பாறைகளின் ஊடே செல்லும் நீர் அவற்றின் தாதுக்களைக் கரைத்துக்கொள்கிறது. அளவோடு இருந்தால் அவை உடலுக்குத் தேவையானவையே என்று விளக்கினேன்.

“பொறவென்ன, ‘ஆத்துத் தண்ணி சுத்தம்’னு எழுதி மாட்டுங்கக்கா,” என்றார் அன்சார்.

சாக்குக்கட்டியை எடுத்துப் பலகையில் ‘ஆற்று நீர்’ வரை எழுதினேன். அதற்குமேல் கை ஓடவில்லை. நீரில் கிருமிகள் இருந்திருந்தாலும் கொதியில் மடிந்திருக்கும்; தட்டில் அவற்றின் சுவடு தெரியாது. என் சோதனை தாதுக்களைக் காட்டியதேயன்றித் தூய்மையைக் காட்டவில்லை.

“எழுதேன் கமலவேணி, யாவாரம் போவுதுல்ல?” என்றார் செல்லமுத்து.

“தெரியாதத எப்புடிங்க எழுதுறது?”

தெரிந்ததை மட்டும் எழுதி மாட்டினேன்: ‘இது கொள்ளிட நீர். சுண்ணாம்புச் சத்து உண்டு. நன்கு கொதிக்க வைத்தே தேநீர் போடுகிறோம்.’

இருவர் எதிர்க்கடைக்கு நடந்தனர். செல்லமுத்து பெருமூச்சு விட்டார்.

அன்சார் பலகையை எழுத்துக்கூட்டிப் படித்தார். “பச்சத்தண்ணியில யாருங்கக்கா டீ போடுவா?” என்று சிரித்தவர், கேன் நீர் வற்றிய தட்டைக் கையில் எடுத்துத் திருப்பினார். “இதுலயும் கிருமி இருந்திருந்தா தெரிஞ்சிருக்காதுல்ல?”

“தெரிஞ்சிருக்காது தம்பி.”

எதிர்க்கடையை நோக்கி நடந்தவர்களைக் கைதட்டி அழைத்தார். “யோவ், இங்க வாங்கய்யா! இந்தக்கா கடையில இல்லாதத இருக்குன்னு சொல்ல மாட்டேங்குது. அண்ணே, மூணு டீ!”