தனியாகச் சாப்பிடுகிறவர்களின் எண்ணிக்கை

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இது நான் யோசித்துக் கண்டுபிடித்த கதை இல்லை, என் அக்காவின் நோட்டிலிருந்து சுட்டது. நீலக் கோடு போட்ட சின்ன நோட்டு. அதில் மூன்று பக்கம், பக்கத்துக்கு ஒரு கல்லூரி. ஒவ்வொரு பக்கத்திலும் நான்கு கோடு போட்டு ஐந்தாவதைக் குறுக்கே இழுத்து, கட்டுக் கட்டாக எதையோ எண்ணி வைத்திருந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அக்கா அந்த நோட்டை என் முன்னால் போட்டாள்.

"நீ கதை எழுதறவன்தானே. மனுஷங்களைத் தெரியும்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியறே. இவ எங்க போய்ச் சேர்ந்தா இவளுக்குப் பேச ஒரு ஆள் கிடைக்கும்? சொல்லு பார்ப்போம்."

இவள் என்றது தன் மகளை. பள்ளி முடித்துவிட்டாள். மதிப்பெண்ணுக்குக் குறைவில்லை, மூன்று கல்லூரியிலும் இடம் கிடைக்கும். எதை முதலில் போடுவது என்று செவ்வாய்க்கிழமைக்குள் விண்ணப்பத்தில் எழுதியாக வேண்டும். அவள் அப்பா, "நீங்களே பார்த்துக்கங்க" என்று கழன்றுகொண்டார். நானும் கழன்றுகொண்டிருக்கலாம். பதில் தெரியாத கேள்வி வந்தால் கதை எழுத உட்கார்ந்துவிடுவது என் பழைய வியாதி.

2

தொடக்கம் ஒன்று: மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. கல்லூரி வாசலில் குடையுடன் ஒரு தாய், கண்களில் கவலையைத் தேக்கி...

(அடித்துவிட்டேன். மழையே இல்லை. கதை நகராதபோதெல்லாம் மழையைக் கூப்பிடுகிற பழக்கம் எனக்கு இன்னும் போகவில்லை.)

தொடக்கம் இரண்டு: அவனுக்கு எண்கள்தாம் நண்பர்கள். தடித்த கண்ணாடிக்குப் பின்னால் அவனுடைய...

(இதுவும் போயிற்று. அக்கா மகளை யாரும் அடையாளம் கண்டுவிடக் கூடாதே என்று ஆணாக்கி, கூடவே கண்ணாடியும் மாட்டிவிட்டேன். அவள் கண்ணாடி போடுவதில்லை. படிக்கிற பிள்ளை என்றதும் மூக்கில் ஒரு கண்ணாடியை வைத்துவிட்டு மேலே போவது எங்களைப் போன்றவர்களின் சோம்பேறித்தனம்.)

இங்கே ஒரு விவரம் சொல்ல வேண்டும். அக்கா சட்டை தைக்கும் கம்பெனியில் கடைசிச் செக்கிங் பிரிவின் சூப்பர்வைசர். காலரில் நூல் பிரிந்திருந்தால், பட்டன் கோணியிருந்தால், அந்த இடத்தில் சின்னதாக ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டிச் சட்டையைத் திருப்பி அனுப்புவார்கள். திங்கட்கிழமை என் கைப்பிரதியை அவளிடம் கொடுத்தேன். அதிலும் அம்பு ஒட்டி, பக்கத்தில் எழுதித் தந்தாள். உரித்தெடுக்க மனம் வராமல் சிலதை அப்படியே விட்டிருக்கிறேன்.

[அம்பு: நான் குடை எடுத்துட்டுப் போகவே இல்லை. கண்ணுல தேக்கி வைக்கிற ஆளா நான்?]

3

அவளுக்குப் பள்ளியில் ஒரு பட்டப்பெயர் இருந்தது. அதை இங்கே எழுத மாட்டேன். அவள் அதைக் கேட்டவரைக்கும் போதும்.

அவளுக்குப் பிடித்தது லிஃப்ட். அதில் ஏறி இறங்குகிற ஆசை எல்லாம் சின்ன வயதோடு போய்விட்டது, இப்போது அதன் உள்விவகாரம். எத்தனை கிலோ தாங்கும், எதிர்ப்பாரம் எங்கே தொங்கும், கயிறு எத்தனை, கடைசியாக எப்போது சோதித்தார்கள் என்று எல்லாம் தெரிய வேண்டும். கல்யாணத்துக்குக் கூட்டிப்போனால் மணமக்களைப் பார்ப்பதற்கு முன்னால் மண்டபத்து லிஃப்டைப் பார்த்துவிட்டு வருவாள். கேட்டால் சொல்வாள், கேட்காவிட்டாலும் சொல்வாள். எதிரில் இருப்பவருக்குக் கொட்டாவி வந்தால் உடனே கவனித்துவிடுவாள். கவனித்ததும் பாதிப் பேச்சில் நிறுத்திவிட்டு, "அவ்ளோதான்" என்பாள். அந்த நேரத்தில் அவள் முகத்தைப் பார்க்க முடியாது. இரண்டு முறை அந்தக் கொட்டாவி என்னுடையது.

பள்ளிக் கூட்டங்களில் ஆசிரியை, ஒரு தொந்தரவும் இல்லாத பெண் என்று சொல்லி அனுப்புவார். அக்கா அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு மகிழ்ச்சியாகத் திரும்புவாள். ஒரு நாள் மகள் மறந்துவிட்டுப் போன நோட்டைக் கொடுக்க மதிய இடைவேளையில் பள்ளிக்குப் போனாள். மற்ற பிள்ளைகள் எல்லாம் கும்பல் கும்பலாகத் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மகள் தாழ்வாரத்தில், அறிவிப்புப் பலகையைப் பார்த்து நின்றபடி, டப்பாவைக் கையில் ஏந்திச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். பார்க்கிறவர்கள் ஏதோ படிக்கிறாள் என்று நினைக்க வேண்டும் என்பதற்காக. பலகையில் இருந்தது மூன்று மாதத்துக்கு முந்தைய தேர்வு அட்டவணை.

அக்கா கூப்பிடவில்லை. நோட்டை வாட்ச்மேன் கையில் கொடுத்துவிட்டு வேலைக்குப் போனாள். அன்றைக்கு ஒரு கட்டுச் சட்டையைப் பிரித்துப் பார்க்காமலே பாஸ் போட்டாளாம். இருபது வருடத்தில் அது ஒரே தடவை.

[அம்பு: இதை எழுதறதுக்காக உன்கிட்ட நான் சொல்லலை.]

(நியாயமான அம்பு. ஆனாலும் எடுக்க முடியவில்லை. இதை எடுத்துவிட்டால், வேலை மெனக்கெட்டு ஒருத்தி கல்லூரி கல்லூரியாகப் போய் ஏன் எண்ணினாள் என்று உங்களுக்குப் புரியாது.)

4

நூறு சட்டை ஒரு கட்டு. அதில் இருபதை உருவிப் பார்ப்பாள். மூன்று பழுது இருந்தால் கட்டு மொத்தமும் திரும்பிப் போகும். எல்லாவற்றையும் பார்க்க முடியாதபோது ஒரு பிடியை எடுத்துப் பார்த்து மொத்தத்தைச் சொல்வதுதான் அவள் பிழைப்பு.

கல்லூரியில் எந்தப் பிடியை எடுப்பது? கல்லூரிகள் அச்சடித்துத் தரும் வழவழப்பான புத்தகத்தில் எல்லாரும் புல்தரையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டே இருக்கிறார்கள். அதை நம்புகிறவளாக இருந்தால் செக்கிங்கில் இருபது வருடம் குப்பை கொட்டியிருக்க முடியாது. அக்கா மூன்று நாள் லீவு போட்டாள். நாளுக்கு ஒரு கல்லூரி. நேராகக் கேன்டீனுக்குப் போய், ஒரு டீயை வாங்கி வைத்துக்கொண்டு, பன்னிரண்டரையிலிருந்து ஒன்றரை வரைக்கும் உட்கார்ந்து எண்ணினாள். எத்தனை பேர் சாப்பிட வருகிறார்கள், அதில் எத்தனை பேர் தனியாகச் சாப்பிடுகிறார்கள். தனியாகச் சாப்பிடுகிற ஒவ்வொருவரும் ஒரு பழுது. இதுதான் அவள் விதி.

மகளும் கூடப் போனாள். "நான் கொஞ்சம் சுத்திப் பார்த்துட்டு வரேம்மா" என்பாள். எங்கே போவாள் என்று உங்களுக்கே தெரியும்.

முதல் கல்லூரி, பெயர் பெற்றது: நூற்று இருபது பேரில் இருபத்திரண்டு பேர் தனி. சுமார்.

இரண்டாவது, சின்னக் கல்லூரி. நோட்டும் கையுமாக உட்கார்ந்திருந்த அக்காவைச் சுகாதார ஆய்வாளர் என்று நினைத்துவிட்டார் கேன்டீன்காரர். கல்லாவை விட்டு எழுந்து வந்து தானே மேஜை துடைத்தார். அங்கே எல்லாரும் பத்துப் பத்துப் பேராக, நாற்காலியை இழுத்துப் போட்டு நெருக்கி உட்கார்ந்து ஒரே சத்தம். நூற்றுப் பத்துப் பேரில் தனி ஆள் இரண்டே பேர். அக்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது.

மூன்றாவது, பழைய பொறியியல் கல்லூரி. இரும்புக் கம்பிக் கதவு போட்ட லிஃப்ட் இன்னும் ஓடுகிற கட்டடம். நூற்று நாற்பது பேரில் அறுபத்தொரு பேர் தனி. ஆளுக்கு ஒரு மேஜை, ஆளுக்கு ஒரு புத்தகம் அல்லது ஃபோன். அந்தப் பக்கத்தின் மேல் அக்கா பெருக்கல் குறி போட்டிருந்தாள்.

5

இனி அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேஜை. ஒரு பக்கம் விண்ணப்பம், ஒரு பக்கம் நோட்டு. நான் நடுவில், மத்தளம் மாதிரி.

இரண்டாவது கல்லூரிதான் என்று அக்கா முடித்துவிட்டிருந்தாள். என்னிடம் கேட்டதே ஒரு ஆமாம் சாமி வேண்டும் என்றுதான். நானும் நோட்டைப் பார்த்துவிட்டு, இதில் சந்தேகம் என்ன இருக்கிறது என்று சொல்லிவைத்தேன்.

மகள் நோட்டை வாங்கி மூன்று பக்கத்தையும் படித்தாள். பிறகு, "இந்த ரெண்டு பேர் எங்கம்மா உட்கார்ந்திருந்தாங்க?" என்று கேட்டாள்.

அக்கா யோசித்தாள். ஒருத்தி கதவுக்குப் பக்கத்தில், ஒருவன் கை கழுவுகிற இடத்துக்குப் பக்கத்தில் என்றாள்.

"அங்க போனா நான் மூணாவது."

அவளே தொடர்ந்தாள். மூன்றாவது கல்லூரியில் சேர்ந்தால் தான் அறுபத்திரண்டாவது ஆள், யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள், அதையே முதலில் போடலாம் என்றாள்.

"யாரும் திரும்பிக்கூடப் பார்க்காத இடத்துக்கா உன்னை அனுப்புவேன்? அதுக்கா நான் எண்ணிட்டு வந்தேன்?" அக்காவின் குரல் உடைந்தது. அவள் கண்ணுக்குள் அந்த அறிவிப்புப் பலகை நின்றிருக்கும். அதை மகளிடம் சொல்ல முடியாது என்பதுதான் கஷ்டம்.

நான் என்ன செய்தேன் என்று கேட்கிறீர்களா? "நட்பெல்லாம் தானா அமையும்" என்றேன். இரண்டு பேரும் ஒன்றாகத் திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தார்கள். எழுந்து வீட்டுக்கு வந்து, இந்தக் கதையை எழுத உட்கார்ந்தேன்.

6

மூன்று முடிவு எழுதினேன்.

அ. இரண்டாவது கல்லூரி. முதல் நாள். அவள் ஓர் ஓரத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறாள். கதவோரத்துப் பெண் தட்டோடு வந்து, "இங்க யாராவது வர்றாங்களா?" என்று கேட்கிறாள்.

[அம்பு இல்லை. அக்காவுக்கு இது பிடித்திருக்கிறது.]

ஆ. மூன்றாவது கல்லூரி. அவள் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாள். லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டது என்று ஒரு மாணவி ஓடி வந்து...

(நிறுத்திவிட்டேன். என் கதாபாத்திரத்துக்கு ஒரு தோழி வேண்டும் என்பதற்காக நாலு பேரை லிஃப்டில் அடைப்பது அநியாயம்.)

இ. மூன்றாவது கல்லூரி. நான்கு வருடம் தனியாகவே சாப்பிடுகிறாள். ஆரம்பத்தில் யாராவது வருகிறார்களா என்று நிமிர்ந்து பார்ப்பாள். பிறகு பார்ப்பதில்லை. நிம்மதியாகத்தான் இருந்தாள்.

[இங்கே நான்கு அம்பு. நாலு வருஷமா? நீயெல்லாம் தாய்மாமனா?]

7

செவ்வாய்க்கிழமை காலையில் போனேன். கைப்பிரதி மேஜை மேல் இருந்தது. அக்கா கொடுத்தாளா, இவளே எடுத்தாளா, தெரியாது. மகள் படித்திருந்தாள். ஓரங்களில் பென்சில் எழுத்து. அறிவிப்புப் பலகை வந்த இடத்தில், "அம்மா வந்தது அன்னைக்கே தெரியும். நோட்டு தானா நடந்து வருமா?" என்று எழுதியிருந்தாள். அக்கா அந்த வரியை ஏற்கெனவே பார்த்துவிட்டிருந்தாள் என்று அவள் மூக்கு சிவந்திருந்ததில் தெரிந்தது.

"கோபமா?" என்று மகளிடம் கேட்டேன்.

இல்லை என்று தலையாட்டினாள். முடிவுகள் இருந்த தாளை எடுத்தாள்.

"மாமா, மூணுலயும் நான் உட்கார்ந்துட்டே இருக்கேன். யாராவது வரணும்னு காத்துட்டு. நான் எழுந்து போற மாதிரி நீங்க ஒண்ணுகூட எழுதலை."

எனக்கு வெட்கமாக இருந்தது. பிறந்ததிலிருந்து பார்க்கிற பிள்ளை, அவள் எழுந்து போவாள் என்று ஒரு முறைகூடத் தோன்றவில்லையே எனக்கு.

அவள் அம்மாவைப் பார்த்துத்தான் மீதியைச் சொன்னாள். பத்துப் பேர் நெருக்கி உட்கார்ந்திருக்கிற மேஜையில் போய் எப்படி உட்கார்வது? எங்கே இடம் இருக்கிறது? தனியாகச் சாப்பிடுகிறவருக்கு எதிரில் ஒரு நாற்காலி காலியாக இருக்கும் இல்லையா? யாரும் கவனிக்காத இடம் என்றால் போய் உட்கார்ந்து பார்க்கலாம், சரிப்படவில்லை என்றால் எழுந்து வந்துவிடலாம், யாரும் சிரிக்க மாட்டார்கள்.

"பேச ஆரம்பிச்சா அவங்களுக்கும் கொட்டாவி வரலாம், தெரியும். அறுபத்தொரு பேருக்குமா வரும்?"

அக்கா நோட்டைத் திறந்து பெருக்கல் குறி போட்ட பக்கத்தை வெகுநேரம் பார்த்தாள். "காலி நாற்காலியை நான் எண்ணலையே" என்றாள். பேனாவை மகளிடம் நீட்டினாள்.

விண்ணப்பம் போய்விட்டது. வீட்டுக்கு வந்ததும் நான்காவது முடிவைத் தொடங்கினேன்: அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். ஜன்னலோர மேஜையில், சுருட்டை முடியுடன் ஒரு...

அங்கேயே நிற்கிறது. எழுதப்போகிறேன் என்று ஃபோனில் சொன்னதுமே அவள் தடுத்துவிட்டாள். நான் எழுதிவிட்டால், அங்கே போய் நான் எழுதிய ஆளையே தேடிக்கொண்டிருப்பாளாம். ஜன்னலையும் சுருட்டை முடியையும் அடித்துவிடச் சொன்னாள். அடித்ததாக நினைத்துக்கொள்ளுங்கள்.

வகுப்புகள் அடுத்த மாதம் தொடங்குகின்றன. இதைப் படிக்கிற உங்களில் யாராவது அந்தக் கேன்டீனில் தினமும் தனியாகச் சாப்பிடுகிறவராக இருக்கலாம். இருங்கள், அதில் குறை ஒன்றும் இல்லை. எதிர் நாற்காலியில் பையை வைத்திருந்தால் மட்டும், எடுத்துக் கீழே வைத்துவிடுங்கள்.